நம்ம ஊரு மண் ரோட்டுக்கு மார்க் போடுவோமா?



பரீட்சை வந்தால் நமக்கு மார்க் போடுகிறார்கள். அந்த மார்க்கை வைத்து எந்தப் பாடத்தில் நாம் தேறவில்லை, எங்கே இன்னும் படிக்கணும் என்று தெரிந்து கொள்கிறோம். ஆனால் நாம் தினமும் நடந்து வருகிற மண் ரோட்டுக்கு யாராவது மார்க் போட்டதுண்டா? "ரோடு சரியில்லப்பா" என்று எல்லாரும் சொல்வார்கள். எந்த இடம் சரியில்லை, எவ்வளவு சரியில்லை, எதனால் சரியில்லை என்று கேட்டால் யாரிடமும் பதில் இருக்காது.

காய்ச்சல் என்று டாக்டரிடம் போனால் அவர் உடனே மாத்திரை எழுதுவதில்லை. முதலில் வெப்பமானி வைத்துப் பார்க்கிறார். ரோட்டுக்கும் அப்படித்தான். அளந்து பார்த்தால்தான் வைத்தியம் தெரியும். அறிவியல் டீச்சர் எடுத்துக் கொடுத்த தாள்களில் படித்ததையும், எங்கள் குழுவில் ஐந்து பேர் அளந்து பார்த்ததையும் இங்கே எழுதியிருக்கிறேன். நின்று படித்துவிட்டுப் போங்கள்.

மண் ரோட்டில் என்ன இருக்கிறது?

மண் ரோடு என்றால் வெறும் மண் என்று நினைக்கக் கூடாது. நல்ல சரளை ரோட்டில் மூன்று பொருள் கலந்திருக்கும்.

1. கல், சரளை – வண்டியின் பாரத்தைத் தாங்கும்.
2. மணல் – கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் உள்ள இடைவெளியை அடைக்கும்.
3. களி மண் – எல்லாவற்றையும் பசை மாதிரி ஒட்ட வைக்கும்.

களி கூடிவிட்டால் மழையில் சேறு. களி குறைந்துவிட்டால் வெயிலில் சரளை உதிர்ந்து ஓரத்தில் ஒதுங்கிவிடும். சாம்பாரில் புளி மாதிரி, அளவாக இருக்கணும்.

நம்ம பக்கம் கரிசல் மண். பருத்திக்கும் உளுந்துக்கும் அது தங்கம். ரோட்டுக்கு அது எதிரி. தண்ணீர் பட்டால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். மாண்ட்மோரில்லோனைட் என்ற களிக் கனிமம் அதில் நிறைய இருப்பதுதான் காரணம். அதனால்தான் மழை பெய்த மறுநாள் செருப்பு அரை கிலோ கனக்கிறது. அதனால்தான் கரிசல் மேல் கிராவல் அடித்து உயர்த்தி ரோடு போடுகிறார்கள்.

முதல் மூன்று கேள்விகள்

ரோட்டைப் பார்த்ததும் நம் கண்ணுக்குத் தெரிவது குழிதான். ஆனால் மார்க் போடத் தெரிந்தவர்கள் குழியை முதலில் பார்ப்பதில்லை. ஏனென்றால் மண் ரோட்டின் மேல்பரப்பு ஒரே மழையில் கெட்டுவிடும், ஒரே நாள் வேலையில் சரியாகிவிடும். நேற்று பார்த்த ரோடு இன்று இருக்காது. அதனால் சீக்கிரம் மாறாத மூன்று விஷயத்தை முதலில் பார்க்கணும். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலப் பல்கலைக்கழகம் கிராமத்து ரோடுகளுக்காகத் தயாரித்த முறையிலும் இந்த மூன்றுக்குத்தான் முதலிடம்.

1. நடுமேடு இருக்கிறதா? ரோட்டின் நடு உயர்ந்தும் இரண்டு ஓரமும் தாழ்ந்தும் இருக்கணும். ரோடு போடுகிறவர்கள் இதை 'கேம்பர்' என்பார்கள். இந்திய சாலைகள் காங்கிரஸ் என்ற அமைப்பு 1934-ல் தொடங்கப்பட்டது. அது கிராமச் சாலைகளுக்காக 2002-ல் வெளியிட்ட கையேட்டில், மண் ரோட்டுக்கு 4 சதவீதம் சரிவு வேண்டும், ஆண்டுக்கு 1000 மில்லி மீட்டருக்கு மேல் மழை பெய்யும் இடத்தில் 5 சதவீதம் வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். 4 சதவீதம் என்றால் 100 செ.மீ. தள்ளிப் போனால் 4 செ.மீ. இறங்கணும். தார் ரோட்டுக்கு இதைவிடக் குறைந்த சரிவு போதும். தார் தண்ணீரைக் குடிக்காது, மண் குடித்துவிடும். அதனால் மண்ணில் விழுந்த தண்ணீரைச் சீக்கிரம் ஓரத்துக்கு அனுப்பணும்.

2. ஓரக் கால்வாய் இருக்கிறதா? நடுவில் இருந்து இறங்கி வந்த தண்ணீர் போக வழி வேண்டாமா? கால்வாய் மூடிக்கிடந்தாலும், குழாய்ப் பாலம் அடைத்துக்கிடந்தாலும் தண்ணீர் ரோட்டிலேயே நிற்கும்.

3. சரளை போதுமான அளவு இருக்கிறதா? ஒரு ஓரமாகச் சிறிய குழி தோண்டி ஸ்கேலை வைத்துப் பார்த்தால் சரளை எத்தனை செ.மீ. இருக்கிறது, எங்கே கரிசல் தொடங்குகிறது என்று தெரியும். பார்த்ததும் குழியை இறுக மூடிவிடணும்.

மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு உண்மை புரியும். மண் ரோட்டைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர்தான். வண்டி அந்தக் கெடுதலைப் பெரிதாக்குகிறது. தண்ணீர் ஊறி இளகிய மண்ணில் சைக்கிள் போனாலும் தடம் விழும். இறுகிக் காய்ந்த ரோட்டில் டிராக்டர் போனாலும் பெரிதாக ஒன்றும் ஆகாது.

கண்ணுக்குத் தெரியும் குறைகள்

அமெரிக்க ராணுவம் 1995-ல் மண் ரோடுகளுக்காக ஒரு கையேடு வெளியிட்டது. அதில் ஏழு குறைகளைப் பார்த்து மொத்தம் 100-க்கு மார்க் போடுகிறார்கள். குறுக்கு வடிவம் கெடுவதும் வடிகால் இல்லாததும் முதல் இரண்டு. இவற்றை மேலே பார்த்துவிட்டோம். மற்ற ஐந்தும் இவை.

குழி: தண்ணீர் தேங்கிய இடத்தில் சக்கரம் இறங்கி ஏறும்போது சேற்றைத் தெளித்து வெளியே தள்ளும். ஒவ்வொரு தடவையும் குழி கொஞ்சம் பெரிதாகும். ஆழத்தையும் அகலத்தையும் அளக்கணும்.

வண்டித்தடம்: சக்கரம் போகும் இடம் இரண்டு வரிசையாகப் பள்ளமாவது. ஆழம் 2.5 செ.மீ.க்குள் என்றால் லேசான குறை. 2.5 முதல் 7.5 செ.மீ. வரை நடுத்தரம். அதற்கு மேல் என்றால் மோசம். தடம் விழுந்த ரோட்டில் நடுமேடு இருந்தாலும் பயனில்லை. தண்ணீர் ஓரத்துக்குப் போகாமல் தடத்துக்குள்ளேயே ஓடும்.

வரி: ரோட்டுக்குக் குறுக்கே தகரக் கூரை மாதிரி வரி வரியாக மேடு பள்ளம் வருவது. சைக்கிளில் போனால் பல் கடகடவென்று ஆடும். இதற்கும் ஆழம் அளக்கணும்.

உதிர்சரளை: கல் தனியாக, மண் தனியாகப் பிரிந்து ஓரத்தில் வரப்பு மாதிரி ஒதுங்குவது. இதில் பைக் வழுக்கும். அந்த வரப்பு தண்ணீரையும் ஓரத்துக்குப் போகவிடாமல் மறிக்கும்.

புழுதி: வண்டி போன பிறகு பின்னால் வருவது கண்ணுக்குத் தெரிகிறதா என்று பார்க்கணும். லேசாகத் தெரிந்தால் நடுத்தரம், ஒன்றுமே தெரியாவிட்டால் மோசம். புழுதி என்பது ரோட்டை ஒட்ட வைத்திருந்த பசை பறந்து போவது. இன்று புழுதி பறந்தால் நாளை சரளை உதிரும்.

உங்களுக்குத் தெரியுமா?

ரோட்டில் வரி விழுவது ஏன் என்று விஞ்ஞானிகளே ஆராய்ந்திருக்கிறார்கள். 2007-ல் டாபர்லே, மோரிஸ், மெக்கெல்வைன் என்ற மூன்று பேர் சுற்றுகிற வட்ட மேடையில் மணலைப் பரப்பி, அதன் மேல் ஒரு சக்கரத்தை உருள விட்டார்கள். வேகம் ஒரு அளவைத் தாண்டியதும் தட்டையான மணலில் தானாகவே வரி வந்தது. அந்த அளவுக்குக் கீழே போனால் வரி வரவில்லை. சின்ன மேட்டில் ஏறிய சக்கரம் துள்ளி, அடுத்த இடத்தில் மணலைத் தள்ளி இன்னொரு மேட்டை உண்டாக்குகிறது. அதனால் மண் ரோட்டில் மெதுவாகப் போவது நமக்கும் நல்லது, ரோட்டுக்கும் நல்லது.

அளக்கத் தேவையான பொருள்கள்

எல்லாம் நம் வீட்டிலும் மேஸ்திரி வீட்டிலும் கிடைப்பவைதான்.

தையல் டேப்பு – 1
30 செ.மீ. ஸ்கேல் – 1
நேரான 2 மீட்டர் கம்பு – 1
மேஸ்திரி பயன்படுத்தும் டியூப் மட்டம் – 1
10 மீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறு – 1
சுண்ணாம்புத் தூள், நோட்டு, பென்சில்

செய்முறை

1. கயிற்றால் அளந்து ரோட்டை 100 மீட்டர் துண்டுகளாகப் பிரிக்கவும். ஒவ்வொரு துண்டுக்கும் எண் கொடுத்து ஓரத்தில் சுண்ணாம்புக் கோடு போடவும். ரோடு முழுக்க ஒரே மார்க் போட்டால் எங்கே வேலை செய்யணும் என்று தெரியாது.

2. நடுமேட்டை அளக்க டியூப் மட்டம் வேண்டும். டியூபில் தண்ணீர் நிரப்பி, குமிழ் இல்லாமல் பார்த்துக்கொள்ளவும். ஒரு முனையை நடு ரோட்டிலும், இன்னொரு முனையை ரோட்டின் ஓரத்திலும் பிடிக்கவும். இரண்டு முனையிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில்தான் நிற்கும் என்று அறிவியலில் படித்திருக்கிறோம். தரையில் இருந்து தண்ணீர் மட்டம் வரை இரண்டு இடத்திலும் அளக்கவும். நடுவில் 80 செ.மீ., ஓரத்தில் 86 செ.மீ. என்றால் ஓரம் 6 செ.மீ. தாழ்ந்திருக்கிறது. ரோட்டின் அகலம் 3 மீட்டர் என்றால் பாதி 150 செ.மீ. 6-ஐ 150-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 4 சதவீதம். பாஸ்!

3. கம்பை ரோட்டுக்குக் குறுக்கே வைத்து, கம்புக்கும் பள்ளத்தின் அடிக்கும் உள்ள இடைவெளியை ஸ்கேலால் அளந்தால் வண்டித்தடத்தின் ஆழம் கிடைக்கும். வரியை அளக்கக் கம்பை ரோட்டின் நீளத்துக்கு வைக்கவும்.

4. குழிகளை எண்ணி, பெரிய குழியின் ஆழத்தை எழுதவும்.

5. இரண்டு பக்கமும் கால்வாய் எத்தனை மீட்டர் திறந்திருக்கிறது என்று பார்க்கவும். குழாய்ப் பாலத்தின் ஒரு பக்கம் குனிந்து பார்த்தால் மறு பக்கம் வெளிச்சம் தெரியணும். குழாய்க்குள் கையை விடக் கூடாது. பூச்சி பொட்டு இருக்கும்.

6. இதையெல்லாம் புரட்டாசியில் ஒரு தடவையும், மழைக்காலம் முடிந்து தை மாசத்தில் ஒரு தடவையும் செய்யணும். நடுவில் ஒரு நாள் மழை விட்டதும் பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் எங்கே இருந்து வருகிறது, எங்கே போகிறது என்று பார்க்கணும். இடி மின்னல் இருந்தால் போகக் கூடாது.

மார்க் பட்டியல் (5-க்கு)

5 – புதிதாகப் போட்டது. நடுமேடு, கால்வாய், சரளை எல்லாம் நன்றாக இருக்கும்.
4 – மூன்றும் நன்றாக இருக்கும். புழுதியும் கொஞ்சம் உதிர்சரளையும் இருக்கும்.
3 – நடுமேடு இருக்கும். கால்வாய் பாதிக்கு மேல் திறந்திருக்கும். சின்னச் சின்னக் குழிகள், லேசான தடம்.
2 – நடுமேடு தேய்ந்துவிட்டது. கால்வாய் பாதிக்கு மேல் மூடிவிட்டது. தடம் 2.5 முதல் 7.5 செ.மீ. வண்டி மெதுவாகத்தான் போக முடியும்.
1 – ரோடு சட்டி மாதிரி நடுவில் குழிந்துவிட்டது. தண்ணீர் தேங்குகிறது. தடம் 7.5 செ.மீ.க்கு மேல். மழை பெய்தால் போக்குவரத்து நின்றுவிடும்.

இது விஸ்கான்சின் முறையை நமக்குத் தகுந்த மாதிரி சுருக்கி எழுதியது.

நாங்கள் அளந்த ரோடு

தார் ரோட்டில் இருந்து பிரிந்து மேலக்காட்டுக் குடியிருப்புக்குப் போகும் மண் ரோட்டை எடுத்துக்கொண்டோம். நீளம் 1200 மீட்டர். 12 துண்டு. நாங்கள் போட்ட மார்க் இதோ.

1, 2-ஆம் துண்டு – 4 மார்க்
3-ஆம் துண்டு – 3 மார்க்
4, 5-ஆம் துண்டு – 1 மார்க்
6, 7-ஆம் துண்டு – 2 மார்க்
8, 9, 10-ஆம் துண்டு – 3 மார்க்
11, 12-ஆம் துண்டு – 2 மார்க்

மொத்தம் 30. பன்னிரண்டால் வகுத்தால் சராசரி 2.5. கணக்குப் பாடத்தில் இது சரியான விடை. ஆனால் ரோட்டில் போகிறவருக்கு இந்தச் சராசரியால் ஒரு பயனும் இல்லை. பத்துத் துண்டு நன்றாக இருந்தாலும் 4, 5-ஆம் துண்டில் முழங்கால் சேறு என்றால் ஆட்டோ அங்கேயே நின்றுவிடும். அதனால் சராசரியோடு குறைந்த மார்க்கையும் சேர்த்து எழுதணும்.

4, 5-ஆம் துண்டில் வருஷா வருஷம் டிராக்டரில் கிராவல் கொண்டு வந்து கொட்டுகிறார்கள். வருஷா வருஷம் அது காணாமல் போகிறது. ஏன்? மழை விட்டதும் டிராக்டர் ஓட்டுகிற மாமாவோடு போய்ப் பார்த்தோம். 3-ஆம் துண்டில் ஒரு குழாய்ப் பாலம் இருக்கிறது. அதற்குள் மண்ணும் கருவேல முள்ளும் அடைத்துக் கிடக்கிறது. காட்டுத் தண்ணீர் குழாய் வழியாக மறுபக்கம் போக முடியாமல் ரோட்டிலேயே இறங்கி 4, 5-ஆம் துண்டில் போய் நிற்கிறது. "நோவு ஒரு இடம், மருந்து ஒரு இடமா இல்ல இருக்கு!" என்று மாமா சொன்னார். 3 மார்க் வாங்கிய துண்டில் இருக்கிற அடைப்புதான் பக்கத்துத் துண்டுகளை 1 மார்க் ஆக்கியிருக்கிறது. குழிக்கு மட்டும் மண் போட்டால் அது தண்ணீரோடு போகத்தான் செய்யும்.

வண்டி குறைவு என்றால் தேவை குறைவா?

ஒரு நாள் காலை 7 மணி முதல் மாலை 6 மணி வரை அந்த ரோட்டில் உட்கார்ந்து எண்ணினோம். டிராக்டர் 6, பால் வண்டி 2, ஆட்டோ 3, பைக் 41. "இவ்வளவுதானே, இதுக்கு எதுக்கு ரோடு?" என்று கேட்கலாம். ஆனால் நடந்து போனவர்களையும் சைக்கிளில் போனவர்களையும் எண்ணினால் 130 பேருக்கு மேல் வருகிறது. அதில் 23 பேர் நம்ம பள்ளி மாணவ மாணவிகள். வண்டியை மட்டும் எண்ணினால் இந்த 23 பேரும் கணக்கில் வரவே மாட்டார்கள்.

மழை பெய்த மறுநாள் நம் வருகைப் பதிவேட்டைப் பாருங்கள். மேலக்காட்டில் இருந்து வருகிறவர்களின் பெயருக்கு நேரே 'வ' என்று இருக்காது. போன ஐப்பசியில் பிரசவ வலி வந்த ஓர் அக்காவை டிராக்டரில் வைத்துத்தான் தார் ரோடு வரைக்கும் கொண்டு வந்தார்கள். 108 வண்டியால் உள்ளே வர முடியவில்லை. பால் வண்டி வராத நாளில் கறந்த பாலை என்ன செய்வது?

பிரதமரின் கிராமச் சாலைத் திட்டம் 2000-ஆம் ஆண்டு டிசம்பர் 25-ல் தொடங்கியபோது, சமவெளியில் 500 பேருக்கு மேல் உள்ள குடியிருப்புகளுக்குத் தார் ரோடு போடுவது என்று வைத்தார்கள். மேலக்காட்டில் அத்தனை பேர் இல்லை. இந்த மாதிரிச் சின்னக் குடியிருப்புக்கு மண் ரோடுதான் உயிர். தார் வரும்வரை இருக்கிற மண் ரோட்டையாவது மழையில் நடக்கிற மாதிரி வைத்துக்கொள்ள வேண்டாமா?

மார்க்கை வைத்து என்ன செய்வது?

மூன்று பட்டியலாகப் பிரிக்கலாம்.

முதல் பட்டியல், மம்பட்டி வேலை: 3-ஆம் துண்டில் குழாய் அடைப்பை எடுப்பது, 8, 9, 10-ஆம் துண்டில் கால்வாயைத் திறந்து விடுவது. 3 மார்க் வாங்கிய துண்டை இப்போதே கவனித்தால் கொஞ்சச் செலவில் முடியும். விட்டுவிட்டால் அடுத்த வருஷம் அது 2 ஆகிவிடும்.

இரண்டாம் பட்டியல், இயந்திர வேலை: 6, 7, 11, 12-ஆம் துண்டுகளில் மேல் மண்ணைக் கிளறி, நடுமேடு வரும்படி இழுத்துவிட்டு, ஈரப்பதத்தில் ரோலர் ஓட்டணும். காய்ந்த மண்ணில் ரோலர் ஓட்டினால் இறுகாது, மாவு மாதிரி பறந்துவிடும். சேறாக இருந்தாலும் இறுகாது. கையில் பிடித்தால் உருண்டை நிற்கணும், உள்ளங்கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது.

மூன்றாம் பட்டியல், புதிதாகப் போடணும்: 4, 5-ஆம் துண்டு. குழாய் அடைப்பை எடுத்த பிறகு ரோட்டை வயலைவிட உயர்த்தி, கிராவல் அடித்து, இரண்டு பக்கமும் கால்வாய் வெட்டணும். குழாயைச் சரிசெய்யாமல் இதைச் செய்தால் பணம் தண்ணீரில் போட்ட மாதிரிதான்.

சின்னக் குழியை மூடுவதற்கும் முறை இருக்கிறது. தேங்கிய தண்ணீரையும் சேற்றையும் வெளியே எடுத்துவிட்டு, ஓரத்தைச் செங்குத்தாக வெட்டி, ஈரமான கிராவலை இரண்டு மூன்று அடுக்காகப் போட்டு, ஒவ்வொரு அடுக்கையும் திம்சுக் கட்டையால் இடித்து, ரோட்டைவிடக் கொஞ்சம் மேடாக முடிக்கணும்.

நாம் எங்கே போய்ச் சொல்வது?

தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கிராம சபைக் கூட்டம் நடத்த வேண்டும் என்று இருக்கிறது. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ளவர்கள்தான் அதில் உறுப்பினர்கள். நமக்கு இன்னும் வயசு வரவில்லை. ஆனால் நம் அம்மா, அப்பா, தாத்தா, பாட்டி எல்லாரும் உறுப்பினர்கள்தான். அக்டோபர் 2 நல்ல நாள். காந்தி பிறந்த நாள் என்பதோடு, வடகிழக்குப் பருவமழைக்குக் கொஞ்சம் முன்னால் வருகிற நாளும் கூட.

அன்று "ரோடு சரியில்லை" என்று சொன்னால் "பார்க்கலாம்" என்று பதில் வரும். "1200 மீட்டரில் 200 மீட்டருக்கு 1 மார்க். காரணம் 3-ஆம் துண்டில் அடைத்த குழாய். முதலில் வேண்டியது நாலு ஆள், ஒரு நாள் மம்பட்டி வேலை" என்று தாளில் எழுதி அம்மா கையில் கொடுத்து அனுப்பினால், கேட்கிறவர் என்ன செய்யணும் என்று யோசிக்கத் தொடங்குவார். எங்கள் அளவுகளை வரைபடத்தோடு ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறோம். மேலக்காட்டில் இருந்து வரும் அம்மாக்கள் நாலு பேர் அதை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

தோழர்களே, தோழிகளே! நம் பள்ளிக்கு நாலு திசையில் இருந்தும் மண் ரோடு வருகிறது. மேற்கு ரோட்டை நாங்கள் அளந்துவிட்டோம். மற்ற மூன்றும் மீதி இருக்கிறது. எட்டாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டால், மீதி ஒன்றை எங்கள் 'ஆ' பிரிவு எடுத்துக்கொள்ளும். டியூப் மட்டம் அறிவியல் ஆய்வு அறையில் இருக்கிறது. கேட்டு வாங்கிக்கொள்ளலாம். டியூபில் குமிழ் இல்லாமல் தண்ணீர் பிடிப்பது எப்படி என்று தெரியாவிட்டால் எங்கள் வகுப்புக்கு வாருங்கள், சொல்லித் தருகிறோம்.



– ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி